ராடார் மூக்குக் கூம்பு

ராடார் மூக்குக் கூம்பு அல்லது ரேடோம் என்பது போர் வானூர்தியின் முன்முனையில் ராடார் அன்டெனாவை மூடிக் காக்கும் உறை ஆகும். காற்றைக் கிழித்துச் செல்லும் கூரிய வடிவமும், வானொலி அலைகளைத் தடையின்றி விடும் தன்மையும் இதற்கு ஒருங்கே தேவைப்படுகின்றன. பழைய வானூர்திகள் பலவற்றில் உடற்பகுதி வெள்ளி நிற அலுமினியமாக இருக்க, மூக்கு மட்டும் கறுப்பாகவோ பச்சையாகவோ காணப்படுவது இதனாலேயே.

பொருட்கள்

உலோகம் வானொலி அலைகளை எதிரொளித்துவிடும். மின்னைக் கடத்துவதால் கரிம இழையும் இதற்கு உதவாது. ஆகவே கண்ணாடி இழையைப் பிசினுடன் சேர்த்து இறுக்கிய கலப்புப் பொருளே பெரிதும் பயன்பட்டது. குவார்ட்சு இழை அலைகளை இன்னும் குறைந்த இழப்புடன் விடும், விலை மிகுதி.

கூம்புச் சுவரின் தடிப்பு அலைநீளத்தைப் பொறுத்தது. 10 கிகாஏர்ட்சு அலையின் நீளம் காற்றில் 3 செ.மீ. மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 4 ஆக உள்ள கண்ணாடி இழைப் பொருளுக்குள் அது 1.5 செ.மீ. ஆகச் சுருங்கும். சுவர் அதில் பாதி, அதாவது 7.5 மி.மீ. தடிப்புடன் இருந்தால், நேராக வரும் அலை சுவரின் இரு பரப்புகளிலும் எதிரொளித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூரிய கூம்பில் அலைகள் சாய்வாகப் படுவதால் இக்கணக்கு சற்று மாறும். தடிப்பு சீராக இல்லாவிடில் கற்றை வளைந்து, இலக்கின் திசை தவறாகத் தெரியும். தேனடை அமைப்புள்ள கூம்புகளில் நீர் புகுந்தாலும் ராடாரின் பார்வை மங்கும்.

நிறங்கள்

கறுப்பு நிறம் ராடார் அலைகளை ஈர்ப்பதற்காகப் பூசப்பட்டது என்பது தவறான கருத்து. ஈர்த்தால் ராடாரே பயனற்றுப் போகும். மிகு விரைவில் மோதும் மழைத்துளிகள் கண்ணாடி இழையை அரித்துவிடும். அதைத் தடுக்கப் பூசப்பட்ட நியோப்பிரீன் இரப்பரும், நிலைமின்னை வடியச் செய்யும் மெல்லிய கரிப் பூச்சும் கறுப்பானவை. அமெரிக்காவின் எஃப்-4 பாண்டம் வானூர்திகளின் கறுப்பு மூக்கு இவ்வகையினது. பாலியுரேத்தேன் பூச்சுகள் வந்தபின் வேண்டிய நிறம் தருவது எளிதாயிற்று. மூக்கும் உடலின் உருமறைப்பு நிறத்தையே பெற்றது. எந்நிறமாயினும் அலுமினியத் துகள் கலந்த வண்ணம் மட்டும் கூடாது.

மிக்-21

சோவியத் ஒன்றியத்தின் மிக்-21 வானூர்தியில் கூம்பு காற்று உள்வாயின் நடுவே அமைந்துள்ளது. வேகத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்து, அதிர்வலையை உரிய இடத்தில் நிறுத்துவதும் இதன் பணி. ஒரே உறுப்பு இரு வேலை செய்யும் சிக்கனமான ஏற்பாடு இது. எனினும் கூம்பின் சிறிய அளவு அன்டெனாவின் விட்டத்தையும் அதனால் ராடாரின் எட்டத்தையும் குறுக்கியது. கூம்பும் வால் செங்குத்துத் தகட்டின் நுனியும் பச்சையாகக் காணப்படும். இரண்டும் உலோகம் அல்லாதவை. இந்திய வான்படையில் 1963 இல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றது. காட்சிக்கு வைக்கும்போது அழகுக்காகக் கூம்பையும் வெள்ளி நிறமாக்கினால், அவ்வானூர்தி பறந்த காலத்தின் தோற்றம் மறைந்துவிடும்.

ராடார் இல்லாத மூக்கு

ராடாரை அகற்றினால் வானூர்தியின் எடைச் சமநிலை மாறும் என்பதால் ஈடான எடை வைக்கவேண்டும். 1980களில் பிரித்தானியாவின் டொர்னாடோ எஃப்.2 வானூர்திகளுக்கு ராடார் உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. கூம்புக்குள் கான்கிரீட் கட்டியை வைத்தே பறந்தனர். பிரித்தானிய ராடார்களுக்கு 'புளூ ஃபாக்சு' போன்ற பெயர்கள் இருந்தமையால், ஒரு சிமெந்து நிறுவனத்தின் பெயரைக் கொண்டு இதனைப் 'புளூ சர்க்கிள்' ராடார் என வான்படையினர் கேலியாக அழைத்தனர்.