தொடங்காத நிரலும் அதனைத் தொடக்கும் வழியும்

வீட்டுக் கதவு திறவாதபோது அறிவுடையோன் முதலிற் சாவியைப் பார்ப்பான். பின்னர்ப் பூட்டைப் பார்ப்பான். அதன் பின்னரே தச்சனை அழைப்பான். கணிப்பொறியில் ஒரு நிரல் தொடங்காதபோதோ, நம்மிற் பலர் கதவையும் நிலையையும் ஒருங்கே பெயர்த்தெறியத் துணிந்து விடுகின்றோம். அங்ஙனம் துணியவிருந்தோருள் இக்கட்டுரையாளனும் ஒருவன் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

சென்ற கோடை விடுமுறையில் என் பாட்டனாரிடமிருந்து பனைத்தொழிற் சொற்களைக் கேட்டுத் தொகுத்து வந்தேன். பாளை, பன்னாடை, கலயம், அக்கானி எனத் தொடங்கி நானூற்றுக்கு மேற்பட்ட சொற்களை, அவர் கூறிய பொருளோடு பழையதோர் அகராதி நிரலிற் பதிந்து வைத்தேன். யான் விடுதிக்குத் திரும்பிய மறுவாரம் அவர் காலமானார். ஒரு திங்கள் கழித்து அந்நிரலைத் திறக்க முயன்றேன்; திறக்கவில்லை. ‘விசிரன்டைம்140.டிஎல்எல்’ என்னும் கோப்புக் காணப்படவில்லை என்ற செய்தி மட்டும் திரையில் தோன்றி நின்றது. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர், வட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுதலே வழி என்றார். அழித்த பின்னர் அச்சொற்களை யாரிடம் சென்று கேட்பேன்? கணிப்பொறியைத் திரும்ப எடுத்துவந்து, நோயின் முதலை யானே ஆராயலானேன். அவ்வாராய்ச்சியிற் கற்றவற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

நிரல் தொடங்குதல் என்பது யாது? சுட்டியால் நாம் இருமுறை தட்டியவுடன், விண்டோஸ் அந்நிரற் கோப்பை வட்டிலே கண்டு, அது தக்க வடிவினதா என நோக்குகின்றது. ‘எக்ஸ்இ’ என முடியும் இக்கோப்புக்கள் ‘எம்’, ‘இசட்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களோடு தொடங்கும். இவை மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்னும் நிரலாளர் பெயரின் முதலெழுத்துக்களாம். பின்னர் விண்டோஸ் அந்நிரலை நினைவகத்தில் ஏற்றி, அதற்கு வேண்டிய துணைக்கோப்புக்களைத் தேடிச் சேர்த்து, இறுதியிலேயே அதன் கட்டளைகளை நடத்துகின்றது. இப்படிகளுள் எதில் இடையூறு நேரினும் நிரல் தொடங்காது.

டிஎல்எல் எனப்படுவன, பல நிரல்களுக்குப் பொதுவாக அமைந்த துணைக்கோப்புக்கள். தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. ‘பனையோலை’ என்னும் தொகையில் வேற்றுமை உருபு மறைந்து நிற்க, கேட்போன் தன் அறிவால் அதனை நிரப்பிக் கொள்கின்றான். நிரலும் அங்ஙனமே, வேண்டுவன யாவற்றையும் தன்னுள் அடக்காது, பொறியில் முன்னரே உள்ளவற்றை நம்பி ஆக்கப்படுகின்றது. உருபறியாதானுக்குத் தொகை விளங்காதவாறு போல, துணைக்கோப்பு இல்லாத பொறியில் நிரல் இயங்காது.

மேற்கூறிய கோப்பு, விஷுவல் சி++ 2015 பதிப்பையும் அதற்குப் பிந்தியவற்றையும் கொண்டு ஆக்கிய நிரல்கள் பலவற்றிற்கு வேண்டுவது. வட்டில் இடம் வேண்டி, பயனற்றவை என்று கருதி யான் நீக்கியவற்றுள் அத்துணைத் தொகுதியும் ஒன்றாயிருந்தது. எனவே குற்றம் நிரலினதன்று, என்னுடையதே. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து 64 பிட் தொகுதியைப் பெற்று நிறுவினேன். முன்னைய செய்தியே மீண்டும் தோன்றியது. மேலும் ஆராய்ந்தபோது, என் நிரல் 32 பிட் நிரல் எனத் தெரிந்தது. பொறி 64 பிட் ஆயினும், 32 பிட் நிரலுக்கு 32 பிட் துணையே பொருந்தும். அதனையும் நிறுவினேன். நிரல் திறந்தது. பாட்டனார் சொற்கள் ஒன்றும் குறையாமல் இருந்தன.

இனி, பிறர்க்குப் பயன்படுமாறு ஆராயும் முறையை வகுத்துரைப்பேன்.

முதலாவது, நிரல் வேறு, அதிற் பதிந்த தரவு வேறு என்பதை உணர்க. நிரல் திறவாவிடினும் தரவுக் கோப்பைப் பெரும்பாலும் படியெடுத்து வைக்கலாம். இதனைச் செய்யாது வேறொன்றும் செய்யற்க.

இரண்டாவது, பிழைச்செய்தியை முற்றும் படித்து எழுதிக்கொள்க. செய்தியே தோன்றாதாயின், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்தி டாஸ்க் மேனேஜரைக் காண்க. நிரல் முன்னரே மறைவில் ஓடிக்கொண்டிருத்தலும் உண்டு. அதனை முடித்துவிட்டு மீண்டும் தொடங்குக. ஈவென்ட் வியூவர் என்னும் பதிவேட்டில், நிரல் வீழ்ந்த நேரமும் வீழ்த்திய கோப்பின் பெயரும் பலகாற் பதிந்திருக்கும்.

மூன்றாவது, அண்மையில் மாறியது யாது என வினவுக. எதனை நிறுவினோம், எதனை நீக்கினோம், வைரஸ் தடுப்பு நிரல் எதனையேனும் சிறைப்படுத்தியதா என்பனவற்றை நோக்குக. புதிய பயனர் கணக்கொன்றில் அந்நிரல் திறக்குமாயின், பழுது பெரும்பாலும் பழைய கணக்கின் அமைப்புக்களில் உள்ளது என்க. பல நிரல்களும் ஒருங்கே திறவாவிடின், விண்டோஸின் சொந்தக் கோப்புக்களே கெட்டிருக்கலாம். அவற்றைச் சோதித்துச் சீராக்க ‘எஸ்எஃப்சி ஸ்கேன்னவ்’ என்னும் கட்டளை உண்டு.

நான்காவது, ஒருகால் ஒரு மாற்றமே செய்க. பலவற்றை ஒருங்கே மாற்றின், எது மருந்தாயிற்று என்பது விளங்காது. காணாத டிஎல்எல் கோப்பை முன்பின் அறியாத தளங்களிலிருந்து தனியே பெறுதலும் தகாது. துணைக்கோப்பின் உருவில் தீங்கும் உடன் நுழையக் கூடும்.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறி பழுதுற்றபோது, அதனை இயக்கியோர் தேடிச் சென்று, ‘எஃப்’ பலகையின் 70-ஆம் ரிலேயில் சிக்கிய விட்டிற்பூச்சி ஒன்றைக் கண்டனர். கண்டதோடு நில்லாது, அதனைப் பதிவேட்டில் ஒட்டிக் குறிப்பும் எழுதினர். அவ்வேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற் பேணப்படுகின்றது. காரணத்தைக் காணுமளவும் தேடுதலும், கண்டதைப் பிறர்க்கு எழுதி வைத்தலும் ஆகிய இரண்டையும் அவர்பால் நாம் கற்றல் வேண்டும்.

என் பாட்டனார் சொற்கள் இப்பொழுது மூன்று இடங்களிற் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று கையால் எழுதிய குறிப்பேடு. அதனைத் திறக்க எந்த நிரலும் வேண்டுவதில்லை.