குன்னூர் ஊசியும் மூளை ஆய்வும்: இளம் விஞ்ஞானிகளுக்குப் பணம் தருவது யார்?

குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தை நாய்க்கடி ஊசி தயாரித்த இடமாகத்தான் நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். ரேபிஸ் ஒரு மூளை நோய். அதற்காகத் தென்னிந்தியாவில் 1907இல் எழுந்த இந்த நிறுவனத்துக்குப் பின்னால் ஒரு தனிமனிதரின் கொடை இருந்தது. அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராயாக இருந்த கர்சனிடம் பொதுக் காரியத்துக்கென ஒரு தொகையைக் கொடுத்தார். அதில் ஒரு பகுதி பீகாரின் பூசா வேளாண் ஆய்வு நிலையத்துக்கும், ஒரு பகுதி குன்னூருக்கும் போனது.

மூளை ஆய்வு, கொடைப் பணம், பொதுமக்கள் என்ற இந்த மூன்றும் இப்போது மறுபடி சேர்ந்து பேசப்படுகின்றன. இளம் ஆய்வாளர்களுக்கு ஃபெல்லோஷிப் வழங்கும் உயிர்மருத்துவத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மொத்தம் ₹1,500 கோடி. இதில் ₹1,000 கோடி மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பங்கு. மீதி ₹500 கோடி லண்டனிலுள்ள வெல்கம் அறக்கட்டளையின் பங்கு.

ஃபெல்லோஷிப் எதற்கு?

நெட் தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேரும் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் தொடக்கத்தில் மாதம் ₹37,000. முனைவர் பட்டம் கைக்கு வந்ததும் அது நின்றுவிடும். பேராசிரியர் வேலை உடனே கிடைக்காது. சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து ஆராயலாம் என்றால் கருவிக்கும் ரசாயனத்துக்கும் பணம் இருக்காது. இன்னொருவரின் ஆய்வகத்தில் அவர் திட்டத்துக்கு உழைப்பதுதான் வழி. படித்தவர்கள் வெளிநாட்டுக்குப் போவதும், துறையை விட்டே விலகுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் இளம் ஆய்வாளர் ஃபெல்லோஷிப். மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்டி திட்டம் ஐந்தாண்டுகளுக்குச் சம்பளமும் ஆய்வுப் பணமும் தருகிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கமும் 2008இல் சேர்ந்து தொடங்கிய ‘இந்தியா அலையன்ஸ்’ இன்னொரு வழி. மேலே சொன்ன மூன்றாம் கட்டம் இதன் தொடர்ச்சிதான். சம்பளம், ஆய்வுச் செலவு, பயணம் எல்லாம் இதில் அடங்கும். வழிகாட்டி ஒருவர் இருந்தாலும் ஆய்வுக் கேள்வி விண்ணப்பதாரருடையது. விஞ்ஞானிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் பொது சுகாதாரத் துறையினரும் விண்ணப்பிக்கலாம்.

ஒரு நபருக்குக் காலத்தையும் இடத்தையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் குன்னூரில் சான்று உண்டு. 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

கொடையாளர்கள் ஏன் மூளையை நாடுகிறார்கள்?

மூளை ஆய்வில் பலன் தெரியப் பல வருடங்கள் ஆகும். மறதிநோய் யாருக்கு வரும் என்று அறிய, நலமாக இருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். மூன்று வருடத்தில் கணக்கு முடிக்கச் சொல்லும் வழக்கமான அரசுத் திட்டத்துக்கு இது ஒத்துவராது. கொடைப் பணம் காத்திருக்கும்.

இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆய்வு மையம் அமைக்க ₹225 கோடி தர முன்வந்தது. கோலார் மாவட்டத்துக் கிராம மக்களின் மூளை நலத்தை அந்த மையம் நீண்டகாலமாகக் கண்காணித்துவருகிறது. சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்துக்கும் அதே குடும்பத்தின் ஆதரவு உண்டு. கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் அந்த மையம் வெளியிட்டது. உலகில் யாரும் அதை இலவசமாகப் பார்க்கலாம். கொடையாளர் ரோகிணி நிலேகனி 2023இல் அறிவித்த ₹100 கோடி, பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனமும் என்சிபிஎஸ் உயிரியல் ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தும் மனநோய் ஆய்வுக்குப் போகிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. எந்த நோயை ஆராய்வது என்பதைக் கொடையாளரின் விருப்பம் தீர்மானித்துவிடலாம். நகரத்து வசதியானவர்கள் அஞ்சும் மறதிநோய்க்கு நிதி சேரும் வேகத்தில், கூலித் தொழிலாளியின் வலிப்புக்கோ நாய்க்கடிக்கோ சேராது. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான் இந்தியா ஆய்வுக்குச் செலவிடுகிறது. இந்த அடித்தளம் உயராமல் கொடை மட்டும் பெருகினால் சாய்வு கூடும்.

பதினான்கு ஊசியின் கதை

ஆய்வகத்துக்கும் மக்களுக்கும் இடையே பேச்சு ஏன் தேவை என்பதை ரேபிஸே காட்டுகிறது. கடித்த நாயின் உமிழ்நீரில் இருக்கும் வைரஸ், காயத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் மலை ரயில்போல மெதுவாகத்தான் போகும். ஆனால் தடம் மாறாது. போய்ச் சேர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதற்குள் ஊசி போட்டுவிட்டால் உயிர் தப்பும். அறிகுறி தெரிந்த பிறகு மருந்து பயன்படாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தப் பழைய மருந்து செம்மறியாட்டு மூளையில் வைரஸை வளர்த்து, அரைத்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. அதில் கலந்திருந்த மூளைத் திசுவால் மிகச் சிலருக்குக் கைகால் முடக்கம் வந்தது. காரணம் தேடி, ராக்ஃபெல்லரின் கொடையில் நடந்த நியூயார்க் ஆய்வு நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1933இல் குரங்குகளுக்கு மூளைச் சாற்றை மட்டும் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். அவற்றின் உடல் தன் நரம்பு உறையையே தாக்கத் தொடங்கியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைப் புரிந்துகொள்ள இன்றுவரை உதவும் பரிசோதனை முறை இதிலிருந்து பிறந்ததுதான்.

ஆட்டு மூளை மருந்தை இந்தியா 2004 இறுதியில் கைவிட்டது. இப்போதுள்ள ஊசி கையில் போடப்படுவது, எண்ணிக்கையும் குறைவு, பாதுகாப்பானது. ஆனாலும் பழைய பயம் போகவில்லை. ஐசிஎம்ஆர் நடத்தி 2025இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 5,726 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள். நாய் கடித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஊசியே போடவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்ற எளிய செய்தி, தடுப்பூசி வந்து நூறாண்டு கடந்தும் எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை.

பேசுவதும் வேலைதான்

நீலகிரியில் பயிற்சி மையம் நடத்தும் வேர்ல்டுவைட் வெட்டரினரி சர்வீஸ் என்ற பிரிட்டன் அறக்கட்டளை, இளம் கால்நடை மருத்துவர்களுக்குத் தெருநாய் கருத்தடை அறுவையைக் கற்றுத்தருகிறது. அதன் துணை அமைப்பான மிஷன் ரேபிஸ் கோவாவில் நாய்களுக்கு ஊசி போட்டதோடு நிற்காமல், பள்ளிகளுக்கும் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது. 2021இல் கோவா, ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கையுறை மாட்டிக்கொண்டு உண்மையான மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். வலிப்பு பேய்க்கோளாறு அல்ல என்பதை விளக்க அதைவிட நல்ல மேடை இல்லை.

இந்தியா அலையன்ஸும் ஆய்வாளர்களுக்கு அறிவியல் எழுத்துப் பட்டறைகளை நடத்துகிறது. ஆனால் பொதுவாக, ஆய்வாளரின் பெயர் உயர்வது ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகளால்தான். தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் தமிழில் பேசிய ஒரு மாலைக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கிடைப்பது அரிது.

இதை மாற்றப் பெரிய பணம் தேவையில்லை. ஃபெல்லோஷிப் தொகையில் ஒரு சிறு பங்கை உள்ளூர் மொழியில் மக்களிடம் பேசுவதற்கென ஒதுக்கலாம். அந்த வேலையைத் தேர்வுக் குழு ஆய்வுக் கட்டுரைக்குச் சமமாக மதிப்பிடலாம். ஐந்தாண்டு முடியும்போது எத்தனை கட்டுரை வந்தது என்று கேட்கும் அதே படிவத்தில், எந்த ஊரில் யாரிடம் பேசினீர்கள், அவர்கள் கேட்ட கேள்வியால் உங்கள் ஆய்வில் என்ன மாறியது என்றும் கேட்கலாம். மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. விதிகளைத் திருத்த இதுவே நேரம்.