இருபதாயிரம் என்றொரு எண்
(உடலே உடலுக்கு எதிராக – 6)

மாரி மழை பிடித்ததிலிருந்து தை மாதம் கழியும்வரை நிந்தவூரிலும் அதை அடுத்த கரையோர ஊர்களிலும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் காய்ச்சலை விசாரிப்பதற்கு முன்பே பிளேட்லெட்டை விசாரிக்கிறார்கள். 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்குக் காய்ச்சல் பதிவானது. அந்த ஆண்டுக்குப் பிறகு, 'எப்.பி.சி.' தாளில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தெரியாத வீடு இங்கே குறைவு. ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்க வேண்டிய பிளேட்லெட் எனும் குருதிச் சிறுதட்டுக்கள் இருபதாயிரத்துக்கு இறங்கிவிட்டால், இரத்தம் கொடுக்க ஆள் தேடி தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. மக்கள் ஒரு பரிசோதனை முடிவைப் படிக்கக் கற்றுக்கொண்டது நல்ல விடயம். ஆனால் அந்த எண்ணே நோய் என்றும், எண்ணை ஏற்றுவதே வைத்தியம் என்றும் அதோடு சேர்ந்து வளர்ந்துவிட்ட நம்பிக்கை ஆபத்தானது. அது ஏன் என்பதை டெங்குவை விடத் தெளிவாகக் காட்டுவது, நாம் இத்தொடரில் பேசிவரும் தன்னெதிர்ப்பு நோய்கள்தான். சென்ற வாரம் செங்குழியங்களையும் 1945இல் வந்த கூம்ஸ் பரிசோதனையையும் பார்த்தோம். இவ்வாரம் சிறுதட்டுக்கள்.

சிறுதட்டு என்பது முழுமையான கலமன்று. என்பு மச்சையிலுள்ள பெரிய கலங்களிலிருந்து உதிரும் துணுக்கு. ஏழு முதல் பத்து நாள் வரை இரத்தத்தில் சுற்றும். குழாய் கிழிந்த இடத்தில் ஒட்டி அடைக்கும். எந்தக் காய்ச்சலும் காரணமும் இல்லாமல் அவை குறைந்து, தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றி, முரசிலும் மூக்கிலும் இரத்தம் கசியும் நோயை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். குளத்தில் நீர்மட்டம் இறங்கினால் வரத்துக் குறைந்ததா, கட்டு உடைந்ததா என்று கேட்போமல்லவா? முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் இந்நோயைப் பற்றி அதே கேள்விதான் எழுந்தது. மச்சை போதிய அளவு உண்டாக்கவில்லை என்றார் ஜேர்மனியரான ஃபிராங். மண்ணீரல் அழிக்கிறது என்றார் பிராக் நகரின் மருத்துவ மாணவர் பவுல் கஸ்னெல்சன். 1916இல் அவருடைய ஆலோசனையின்படி ஒரு பெண்ணின் மண்ணீரல் அகற்றப்பட்டபோது சிறுதட்டுக்கள் ஏறின. ஆயினும் மண்ணீரல் ஏன் அவற்றை அழிக்கிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

விடை கிடைத்த விதம் இன்று எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதிக்காதது. 1950இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் வைத்தியசாலையில் பயிற்சியிலிருந்த இளம் வைத்தியர் வில்லியம் ஹரிங்டன், இந்நோயுள்ள ஒருவரின் இரத்தத்தில் அரை லீற்றரைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். அழிக்கும் பொருள் இரத்தத்தில்தான் இருக்கிறதென்றால் அது சுகதேகியின் உடலிலும் வேலை செய்ய வேண்டும் என்பதே அவருடைய தர்க்கம். அவருக்கு ஒரு தடயமும் இருந்தது: இந்நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளுக்குச் சில வாரங்கள் சிறுதட்டுக்கள் குறைந்திருந்து, பிறகு தாமாகவே சரியாகின. தாயிடமிருந்து ஏதோ ஒன்று குழந்தைக்குக் கடந்து, காலப்போக்கில் தீர்ந்துபோகிறது. இரத்தம் ஏற்றிய சில மணி நேரத்துக்குள் ஹரிங்டனின் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே விழுந்தது, வலிப்பு வந்தது, உடலெங்கும் கன்றியது. நான்கைந்து நாள் கழித்தே எண்ணிக்கை மீண்டது. அவருடைய மச்சையைப் பரிசோதித்தபோது சிறுதட்டை உண்டாக்கும் கலங்கள் அப்படியே இருந்தன. பிறகு சக ஊழியர்களும் தாமாக முன்வந்து, பல நோயாளிகளின் இரத்தத்தையும் பிளாஸ்மாவையும் ஏற்றிக்கொண்டார்கள். முடிவுகள் 1951இல் வெளியாயின. அழிப்பது நோயாளியின் சொந்தப் பிறபொருளெதிரியே என்பது 1965இலும், அது சிறுதட்டின் மேற்பரப்பில் எந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பது 1982இலும் தெளிவாயின.

இந்த வரலாற்றின் நடைமுறைப் பொருள் கனமானது. ஹரிங்டனின் சொந்தச் சிறுதட்டுக்களைச் சில மணி நேரத்தில் தீர்த்த அதே பொருள், கொடையாளியின் சிறுதட்டுக்களையும் தீர்த்துவிடும். ஆகவே உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு இருந்தாலொழிய, 'ஐ.டி.பி.' என்று வைத்தியர்கள் சொல்லும் இந்நோய்க்குச் சிறுதட்டு ஏற்றுவதில் பயன் மிகக் குறைவு. தடுக்க வேண்டியது அழிவை. ஸ்டீரொயிட் மாத்திரை அதைத்தான் செய்கிறது. சுவிற்சர்லாந்தில் பவுல் இம்பாக் 1981இல் அறிவித்த இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும் அதைத்தான் செய்கிறது; ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் பிளாஸ்மாவிலிருந்து பிரிப்பதால் அதன் விலை அதிகம். இதில் இன்னொன்றும் உண்டு. இந்நோயில் மச்சையின் உற்பத்தியும் பாதிக்கப்படுகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. உற்பத்தியைத் தூண்டும் இரண்டு மருந்துகள் 2008இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. தோற்றுப்போனவர் என்று கருதப்பட்ட ஃபிராங்கிடமும் பாதி உண்மை இருந்திருக்கிறது.

இனி அதே இருபதாயிரத்தை வேறொரு நோயாளியிடம் வைத்துப் பாருங்கள். 1924இல் நியூயோர்க்கில் மொஷ்கோவிட்ஸ் என்ற வைத்தியர் ஒரு பதினாறு வயதுப் பெண் பிள்ளையின் மரணத்தை விவரித்தார். நுண்ணிய இரத்தக் குழாய்களெங்கும் இரத்தக் கட்டிகள் அடைத்திருந்தன. 'டி.டி.பி.' எனப்படும் இந்நோயில் பெரும்பாலானோருக்கு, இரத்தம் தேவையின்றி உறையாமல் காக்கும் ஒரு நொதியத்தை உடலின் பிறபொருளெதிரியே முடக்கிவிடுகிறது என்பது 1998இல் தெரிந்தது. சிறுதட்டுக்கள் கட்டிகளில் சிக்கிச் செலவாவதால் எண்ணிக்கை விழுகிறது. இங்கே எண்ணை ஏற்ற வேண்டுமென்று சிறுதட்டைக் கொடுத்தால் அடைப்பு கூடக்கூடும். பிளாஸ்மாவை மாற்றினால் பத்துப் பேரில் எண்மரளவில் பிழைக்கிறார்கள். சிகிச்சை இல்லையேல் பத்தில் ஒன்பது பேரளவில் இறக்கிறார்கள். 1983இல் லண்டனில் கிரகம் ஹியூஸ் விவரித்த நோய் இன்னுமொன்று. அதில் சிறுதட்டு குறைந்திருக்கும்போதே கால் நாளங்களில் இரத்தம் கட்டும், கரு மீண்டும் மீண்டும் கலையும். கொடுக்க வேண்டியது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. இவை எல்லாவற்றையும் விட எளிய சாத்தியமும் உண்டு. ஊதா மூடிக் குழாயிலுள்ள இரசாயனத்தால் சிலருடைய சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றை எண்ணத் தவறும். உடலில் இரண்டு இலட்சம் இருக்க, தாளில் இருபதாயிரம் வரும். ஓர் எண், அதற்குப் பின்னால் ஒன்றுக்கொன்று எதிரான சிகிச்சை கேட்கும் நிலைமைகள். அவற்றைப் பிரித்தறிய முதலில் தேவைப்படுவது, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பி நுண்காட்டியில் பார்க்கும் 'பிளட் பிக்சர்'தான். ஒட்டிக்கிடக்கும் சிறுதட்டும் உடைந்த செங்குழியமும் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

டெங்கு பரவும் கரையில் நின்றுகொண்டு எண்ணை நம்பாதே என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டெங்குவில் எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குவது, இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசியும் அபாய கட்டம் நெருங்கிவிட்டது என்பதன் அறிகுறி. அதற்காகவே மீண்டும் மீண்டும் எண்ணுகிறார்கள். அதைக் கைவிடச் சொல்பவர் உயிரோடு விளையாடுகிறார். ஆனால் அறிகுறி வேறு, இலக்கு வேறு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருபதாயிரமும் அதற்குக் கீழும் இறங்கிய 372 டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. இரத்தப்போக்கைத் தடுப்பதற்காக முன்கூட்டியே சிறுதட்டு ஏற்றப்பட்டவர்களுக்கும் ஏற்றப்படாதவர்களுக்கும் இடையில் இரத்தக் கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பக்கவிளைவுகள் ஏற்றப்பட்டவர்களிடமே அதிகம். டெங்குவில் உயிரைக் காப்பது அளந்து கொடுக்கும் நீர்மமே. பப்பாசி இலைச் சாறும் இதே வரிசையில் வருகிறது. அது எண்ணைச் சற்று ஏற்றுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நோயாளி தேறும்போது எண் தானாகவே ஏறும் நோய் இது. சாறு இறப்பைக் குறைத்தது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

இத்தனை அபூர்வ நோய்களை எதற்குப் பொதுமக்கள் சுமக்க வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். ஐரோப்பியக் கணக்கின்படி இலட்சம் வளர்ந்தோரில் ஆண்டுக்கு மூவரளவில் ஐ.டி.பி. வருகிறது. அது இங்கும் ஏறத்தாழப் பொருந்துமானால், மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையான எல்லா ஊர்களையும் சேர்த்துப் பார்க்கையில் ஆண்டுக்கு ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம் அல்லது சற்றுக் கூடும். டெங்கு வருவோரோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இங்கே சிக்கலும் அதுவே: சிலர் பலருக்குள் மறைந்துபோகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. டெங்குவில் இறங்கிய எண் ஒன்றிரண்டு வாரத்தில் மீளும். காய்ச்சல் விட்டு மூன்று வாரம் கழித்தும் குறைவாகவே இருந்தால், அல்லது காய்ச்சலே இல்லாமல் குறைந்திருந்தால், அது டெங்குவின் கணக்கில் எழுதப்படக் கூடாது. வைத்தியசாலையை விட்டு வீடு செல்லும்போது மறுபரிசோதனைக்கு ஒரு திகதி கொடுப்பதும், அந்தத் திகதியில் நோயாளி போவதும் போதும். எண் ஏறிவிட்டது என்று கேட்டதும் எல்லோரும் நிம்மதியடைந்து தாளை மடித்து வைத்துவிடுவதால், அந்தக் கடைசிப் பரிசோதனைதான் பெரும்பாலும் விடுபடுகிறது.

நோய் ஐ.டி.பி. என்று உறுதியான பிறகும் எண்ணைத் துரத்தும் பழக்கம் விடுவதில்லை. பிள்ளையின் தோலில் புள்ளிகள் மட்டும் இருந்து வேறு இரத்தக் கசிவு இல்லையென்றால், எண் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் மருந்தின்றிக் கவனித்திருக்கலாம் என்பது 2019இல் அமெரிக்க இரத்தவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டல். பெரும்பாலான பிள்ளைகள் ஆறு மாதத்துக்குள் தாமாகவே குணமடைகிறார்கள். உம்மா வாப்பாமாருக்கு இது ஏற்கக் கடினமான ஆலோசனை என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணுக்காகக் கொடுக்கும் ஸ்டீரொயிட் இலவசமாக வருவதில்லை. முப்பதாயிரத்துக்கு மேல் இருந்து கசிவு இல்லாத வளர்ந்தோருக்கும் காத்திருப்பதையே அவ்வழிகாட்டல் முன்வைக்கிறது. மாத்திரை தொடங்கினாலும் ஆறு வாரத்துக்கு மேல் நீட்டாதே என்கிறது. ஸ்டீரொயிட் இரத்தச் சீனியையும் ஏற்றும் என்பதால், வீட்டுக்கு ஒருவருக்குச் சீனி வருத்தம் இருக்கும் நம் ஊர்களில் இந்தக் கட்டுப்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும்.

நடுத்தர வயதுக்கு முன்பு இந்நோய் ஆண்களை விடப் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. இரத்தத்தில் நோய் என்று வெளியே தெரிந்தால் கலியாணப் பேச்சு முறியும் என்று அஞ்சி மறைப்பது இந்தக் கரைக்கு மட்டும் உரியதன்று. அந்த அச்சத்துக்கு வைத்திய ஆதாரம் இல்லை, ஐ.டி.பி. உள்ள பெரும்பாலான பெண்கள் நல்லபடி பிள்ளை பெறுகிறார்கள். ஆபத்து மறைப்பதில் இருக்கிறது. தாயின் எண் தாழ்ந்திருப்பது தெரிந்தால்தான் முள்ளந்தண்டில் ஊசி போடலாமா என்று மயக்க மருந்து வைத்தியர் தீர்மானிக்க முடியும். ஹரிங்டனுக்குத் தடயமாக இருந்த அதே பிறபொருளெதிரி சூல்வித்தகத்தைக் கடந்து குழந்தைக்கும் போவதால், பிறந்த குழந்தையின் சிறுதட்டுக்களை முதல் நாளும் அடுத்து வரும் சில நாட்களும் எண்ண வேண்டும். ஆகவே வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த நோயின் பெயரை முதல் சந்திப்பிலேயே சொல்லி, கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் எழுதச் செய்ய வேண்டும்.