குருக்களின் பத்தினி

காரைக்காலுக்குத் தெற்கே, திருமருகலை அடுத்து, இன்று சீயாத்தமங்கை என வழங்கும் சாத்தமங்கையில், ஒரு திருவாதிரை நாளன்று அயவந்தியீசரைப் பூஜித்து அஞ்செழுத்தை ஜபித்துக்கொண்டிருந்த திருநீலநக்க நாயனாரின் மனைவியார், லிங்கத் திருமேனியில் சிலந்தி ஒன்று விழக் கண்டு, குழந்தையின் மேனியில் விழுந்ததைத் தாய் ஊதித் தள்ளுவது போல ஊதி உமிழ்ந்து அகற்றினார் என்றும், அதனை அநாசாரமென்று கருதி நாயனார் அவரைத் துறந்தார் என்றும், அன்றிரவே இறைவன் கனவில் தோன்றி, ஊதிய இடம் நீங்கலாகத் தம் திருமேனியெங்கும் கொப்புளமாயிருப்பதைக் காட்டினார் என்றும் சேக்கிழார் பாடியிருக்கிறார். விடிந்ததும் நாயனார் சென்று மனைவியாரை அழைத்து வந்தார். அந்த அம்மையின் பெயர் மட்டும் புராணத்தில் இல்லை. ஆதிசைவராகிய சடையனாரின் பத்தினியும் சுந்தரரின் அன்னையுமான இசைஞானியாருக்கு அறுபத்துமூவரில் இடம் உண்டு. அவருடைய புராணமோ ஒரே ஒரு பாட்டு!

ஆகமம் இவ்வளவு சுருக்கமாகக் குருக்களின் பத்தினியை மதிக்கவில்லை. சிவாலயத்தில் பரார்த்த பூஜைக்கு அதிகாரி தீக்ஷை பெற்ற கிருகஸ்தரே என்பது சம்பிரதாயம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் அர்ச்சகர்களைப் பற்றி 1984இல் நூல் வெளியிட்ட மானிடவியலறிஞர் புல்லரும், விவாகமானவருக்கே அங்கு அவ்வுரிமை உண்டென்று எழுதினார். சக்தியின்றிச் சிவபூஜை இல்லை என்பதே அதன் தாத்பரியம்.

முன்பெல்லாம் சன்னிதித் தெருவிலேயே பிறந்து, மற்றொரு சன்னிதித் தெருவில் வாழ்க்கைப்பட்டு, மடியும் ஆசாரமும் காத்து, உறவில் பிறப்பாலோ இறப்பாலோ தீட்டு நேர்ந்தால் கணவரின் முறை நின்றுபோகும் கவலையையும் தாங்கிய குருக்களாத்து மாமியின் மகளோ மருமகளோ, இன்று பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ உத்தியோகம் பார்க்கிறாள். தட்டுக் காணிக்கை ஏறியிறங்கும் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் பெரிய ஆதாரம். இதில் ஆசாரக் குறைவு எதுவும் இல்லை என்பது என் துணிபு. ஆனால் திருநள்ளாற்றில் அவளுடைய சங்கடம் வேறு. அவளுக்கு ஓய்வு கிட்டும் சனிக்கிழமைதான் சனீசுவரனைத் தரிசிக்க ஜனங்கள் திரளும் நாள். விடியற்காலையில் போன கணவர் இரவு வெகுநேரம் கழித்தே திரும்புவார். இரண்டரை ஆண்டுக்கொரு முறை வரும் சனிப்பெயர்ச்சியிலோ அவர் முகத்தைக் காண்பதே அரிது. தம்பதிகள் சேர்ந்திருக்க ஒரு பொழுதில்லாத வீட்டில் அவளுடைய சரீரமும் மனமும் எங்ஙனம் க்ஷேமமாயிருக்கும்?

ஆகவே ஆலய நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன்: முறை மாற்றி, வாரத்தில் ஒரு நாளேனும், அதுவும் அவளுக்கு ஒழிவுள்ள நாளாகப் பார்த்து, குருக்களுக்கு ஓய்வளியுங்கள், அவர் காலத்துக்குப் பின் உபகாரச் சம்பளம் பத்தினியின் பெயரிலேயே சேர எல்லா ஆலயங்களிலும் விதி செய்யுங்கள்.