ரீவியில் போவதைப் பிடித்து வைக்க எந்தப் பெட்டி வாங்குவது?

சாய்ந்தமருதிலுள்ள மருமகன் ஒருவன் போன நோன்பு காலத்தில் கடைக்கு வந்தான். "மாமா, ரீவியில போறத பதிஞ்சி வெக்க ஒரு சாமான் வாங்கணும். எது நல்லம்?" என்று கேட்டான். அவனுடைய மகள் கொழும்பில் ஒரு மாணவர் நிகழ்ச்சியில் பங்குபற்றியிருந்தாள். ஒளிபரப்பாகும் நாள் தெரியும். பிறகு இணையத்தில் போடுவார்களா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் கல்முனையில் இருபது வருடத்துக்கு மேல் ரீவியும் டெக்கும் திருத்தியவன் என்பதால் என்னைத் தேடி வந்தான். இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால், அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடியோ ரெக்கோர்டருக்குப் பெயர் டெக். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபின் ரீவி மெல்ல மெல்ல வீடுகளுக்கு வந்தது. டெக் பெரும்பாலும் சவூதி, கட்டார் போனவர்களின் பெட்டிகளோடு வந்து சேர்ந்தது. இல்லாதவர்கள் ரீவியையும் டெக்கையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நாலு படம் பார்ப்பார்கள். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டர் வாடகையும் சேரும். பதிவு செய்வதற்கென்று டெக் வாங்கியவரை நான் கண்டது குறைவு. சிவப்புப் புள்ளி போட்ட அந்தப் பொத்தான் பல வீடுகளில் ஒருமுறைகூட அழுத்தப்படாமலே துருப்பிடித்தது.

வெளிநாட்டிலிருந்து பெட்டி அனுப்ப நினைப்பவர்கள் அடுத்த விஷயத்தை அவசியம் வாசிக்க வேண்டும். இலங்கையில் அன்டெனாவுக்கு வந்து பழகிய அனலொக் ஒளிபரப்பு 'பால்' முறையைச் சேர்ந்தது. அதிலும் பி/ஜி வகை. கனடா, அமெரிக்கா, ஜப்பான் நாடுகளில் இருந்தது 'என்.ரி.எஸ்.சி'. அங்கிருந்து வந்த டெக் நம்முடைய ஒளிபரப்பைப் பிடிக்காது. கனடாப் பெட்டிக்கு 110 வோல்ட் சிக்கலும் உண்டு. அப்படியே 230 வோல்ட்டில் குத்தி, புகைந்த பெட்டிகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. லண்டன் பெட்டியில் வேறு மாதிரியான ஏமாற்றம். அதுவும் பால்தான், ஆனால் ஐ வகை. படத்துக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள தூரம் அங்கே 6 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. அதனால் படம் பளிச்சென்று வரும், சத்தம் வராது. "பழுதாப் போன சாமானத் தந்திட்டான்" என்று பாவம் அந்த லண்டன் மச்சானை ஏசியவர்களும் இருக்கிறார்கள். வளைகுடாவில் விற்றவை பல முறைகளையும் ஏற்கும் 'மல்ரி சிஸ்டம்' பெட்டிகள். அவைதான் நமக்குச் சரிவந்தன.

இன்றைக்கும் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. லண்டனில் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் ரெக்கோர்டர் அந்த நாட்டு ஒளிபரப்புக்கானது. இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானிய வழியிலான ஐ.எஸ்.டி.பி-ரி முறையை. அந்த மாற்றமோ வருடக் கணக்காக இழுபட்டது. ஆகவே உறவினர் அன்பாக அனுப்பும் விலையுயர்ந்த பெட்டி இங்கே அலுமாரிக்கு மேல் ஏறும். பணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

புதிதாக டெக் வாங்கவும் இனி வழியில்லை. கடைசி வரை அவற்றைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதற்கும் முன்பே டீவீடி ரெக்கோர்டர் வந்துபோனது. ஒரு தட்டில் 4.7 ஜிகாபைட், நல்ல தரத்தில் இரண்டு மணித்தியாலம். பழையது ஒன்று மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம். ஆனால் பதிந்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும். செய்யாத தட்டு வேறு பிளேயரில் ஓடாது. ஒருவர் பெட்டி செத்த பிறகு ஐம்பது தட்டுகளோடு வந்து நின்றார். ஒன்றிலும் அந்த வேலை செய்யப்பட்டிருக்கவில்லை. சிலவற்றைத்தான் மீட்க முடிந்தது.

இப்போது கையிலுள்ள வழிகளைச் சொல்கிறேன். இலவசச் செய்மதிப் பெட்டிகள் பலவற்றில் பென் ட்ரைவ் குத்திப் பதியலாம். அந்தக் கோப்பு சாதாரணமாகக் கணினியிலும் ஓடும். மாதச் சந்தா கட்டும் பெட்டியிலும் பதியும் வசதி இருக்கலாம், ஆனால் பதிந்தது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கே பூட்டப்பட்டிருக்கும். பெட்டி பழுதானாலோ சந்தா நின்றாலோ உங்கள் பிள்ளையின் நிகழ்ச்சியும் அதோடு போய்விடும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பொய் சொல்கிறார்கள் என்றில்லை, பலருக்கே தெரியாது. அதனால் கடையிலேயே பத்து நிமிடம் பதியச் சொல்லி, பென் ட்ரைவைக் கழற்றி வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் வாங்க வேண்டாம்.

பூட்டுப் போட்ட பெட்டி ஏற்கனவே வீட்டில் இருந்தால், அதன் பின்பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் யூஎஸ்பி கெப்சர் என்ற சின்னத் துண்டை வாங்கி மடிக்கணினியில் பதியலாம். எச்டிஎம்ஐ வழியாக முயன்றால் பாதுகாப்புப் பூட்டு காரணமாகக் கறுப்புத் திரைதான் வரக்கூடும். அன்டெனாவில் வருவதைப் பதிய என்னிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. கசெட் ஓடாத செத்த டெக்கை எறியாதீர்கள். அதன் ரியூனர் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அன்டெனாவை டெக்குக்குக் கொடுத்து, டெக்கிலிருந்து கெப்சர் துண்டுக்கு வயர் இழுத்தால் வேலை முடிந்தது.

ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்குப் பார்க்கலாம். செக்கனுக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிகாபைட். தரம் கூடிய அலைவரிசையில் இதன் இரட்டிப்பும் வரும். பென் ட்ரைவ் பழைய 'ஃபற்32' முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. சில பெட்டிகள் அந்த இடத்தில் துண்டாக வெட்டித் தொடரும், சில பேசாமல் நின்றுவிடும். அடுத்தது மின்வெட்டு. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். பதியும்போது கரண்ட் போனால் கோப்பு மூடப்படாமல் கெட்டுப்போகலாம், ரைமரின் மணிக்கூடும் பிசகலாம். முக்கியமான நிகழ்ச்சி என்றால் பெட்டிக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று போடுங்கள். சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க இடம் தருகிறது. அதை விற்பதும் ஊரெல்லாம் பரப்புவதும் வேறு.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 2012இல் இறக்கும்வரை வீட்டில் பல டெக்குகளை ஓடவிட்டு, ரீவிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். சேர்ந்தவை ஏறத்தாழ 70,000 கசெட். அயலவர்களுக்குப் பைத்தியம்போலத் தெரிந்திருக்கும். நிலையங்களே அழித்துவிட்ட ஒளிபரப்புகள் அந்தக் கசெட்டுகளில் இருக்கின்றன. கசெட் விலை அதிகமாக இருந்த காலத்தில் பெரிய நிலையங்களும் பழையதன் மேல் புதியதைப் பதிந்தன. பிபிசியும் அப்படித்தான் தன் பழைய நாடகங்கள் பலவற்றை இழந்தது. நிலையம் வைத்திருக்கும் என்று நாம் இருந்துவிடக் கூடாது.

நானும் அதைச் செய்தவன்தான். 1995இல் என் சாச்சா ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நம் ஊர்க் கவிகளைப் பாடினார். 25 நிமிடம். மூன்று மணித்தியாலக் கசெட்டில் பதிந்தேன். சம்மாந்துறையில் இருந்த மச்சி கேட்டதால் இரண்டு டெக்கைப் பொருத்தி ஒரு பிரதியும் எடுத்து, மேலே பதியாமலிருக்க முதுகிலுள்ள பிளாஸ்டிக் காதை உடைத்துக் கொடுத்தேன். 2004 டிசம்பர் 26 காலை கடல் எங்கள் வீதிக்குள் வந்தது. சாச்சாவும் போனார், அவருடைய வீடும் போனது. என் வீட்டில் இருந்த கசெட்டும் அல்பங்களும் மண்ணோடு மண்ணாயின. அவருடைய படம் என்று எங்களிடம் மிஞ்சியது அடையாள அட்டைப் பிரதி ஒன்று மட்டும்.

2006இல்தான் மச்சியின் கசெட் நினைவுக்கு வந்தது. சம்மாந்துறைக்குக் கடல் வரவில்லை. போய்க் கேட்டால், அலுமாரியின் அடியிலிருந்து எடுத்தார். லேபலில் சாச்சாவின் பெயரை வெட்டி 'கிரிக்கெட்' என்று எழுதியிருந்தது. உடைத்த காதின் மேல் செலோடேப். 1996 மார்ச் 17, லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை மச்சான் அதில் பதிந்திருக்கிறார். நாடெல்லாம் கொண்டாடிய நாள், அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கசெட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் வேறு. அப்படியான கசெட்டை உடனே டெக்கில் போடக்கூடாது. தலையும் கெடும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். ஓட்டைத் திறந்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இரண்டு நாள் துடைத்தேன். ஓட்டினால் ஆட்டம் 14 நிமிடம் ஓடியது. பிறகு கோடுகள். அன்றைக்குச் சம்மாந்துறையில் கரண்ட் போயிருக்கிறது. கோடுகள் அடங்கியதும் பாட்டின் நடுவில் சாச்சா வந்தார். 11 நிமிடம்.

மருமகனுக்கு நான் கொடுத்தது பழைய டெக்கும் கெப்சர் துண்டும்தான். நிகழ்ச்சியன்று கரண்ட் போகவில்லை. மகளின் பகுதி ஆறு நிமிடம், முழுவதும் பதிந்தது. மூன்று பென் ட்ரைவில் போட்டோம். ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம், மற்றது சம்மாந்துறையில் மச்சியிடம். அதில் கிரிக்கெட் பதிய மாட்டேன் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.