நீரில் விழுந்த கைப்பேசியைக் காப்பது எப்படி?



கைப்பேசி இன்று ஆடம்பரப் பொருளன்று. எளியோர் இல்லத்திலும் இன்றியமையாத கருவியாகிவிட்டது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் காரணமாக நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, தோட்டப்புறப் பிள்ளைகள் பலருக்குத் தந்தையின் கைப்பேசியே வகுப்பறையாக விளங்கியது. அத்தகைய கருவி நீரில் விழுந்துவிட்டால் வீடே கலங்கிவிடுகின்றது.

செம்பனைக் குலை வெட்டச் சென்ற ஒருவர் வாய்க்காலைத் தாண்டுகிறார். சட்டைப்பையிலிருந்த கைப்பேசி நழுவி நீரில் விழுகின்றது. எடுத்துத் துடைத்து இயக்கிப் பார்க்கிறார். திரை ஒளிர்கின்றது! மகிழ்ச்சியோடு வீடு திரும்பி, இரவில் மின்னேற்றியில் மாட்டிவிட்டு உறங்குகிறார். காலையில் அது உயிரற்றுக் கிடக்கின்றது. மாலையில் வேலை செய்த கருவி காலையில் ஏன் பழுதாயிற்று?

நீர் மட்டுமே அதனைக் கெடுத்துவிடவில்லை. நீரும் மின்சாரமும் சேர்ந்தே கெடுத்தன. தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆனால், வாய்க்கால் நீரில் உரமும் உப்பும் கரைந்துள்ளன. அவை மின்சாரம் பாய வழிவிடுகின்றன. 1800ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இரு ஆங்கிலேயர் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி, அது இருவகை வாயுக்களாகப் பிரிவதைக் கண்டனர். நனைந்த கைப்பேசியினுள்ளும் இத்தகைய மாற்றமே நிகழ்கின்றது. அதனால் நுண்ணிய செம்புக் கம்பிகள் அரிக்கப்படுகின்றன. செம்புக் குடத்தில் களிம்பு ஏற நாளாகும். மின்சாரம் பாயும்பொழுதோ, அரிப்பு மிக விரைவாக நிகழும். ஆகவே, மின்சாரத்தை நிறுத்துவதே முதற்கடமை.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, கைப்பேசியை உடனே வெளியே எடுக்க வேண்டும். அது மின்னேற்றியில் மாட்டப்பட்டிருந்தால், முதலில் சுவரிலுள்ள விசையை அணைக்க வேண்டும். ஈரக்கையால் விசையைத் தொடலாகாது.

இரண்டாவதாக, கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். தானே அணைந்திருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். "வேலை செய்கிறதா, பார்ப்போம்" என்று இயக்குவதே பெருந்தவறு.

மூன்றாவதாக, மேலுறையையும் சிம் அட்டையையும் கழற்ற வேண்டும். பின்மூடியைத் திறக்கக்கூடிய பழைய வகையாயின் மின்கலத்தையும் எடுத்துவிட வேண்டும்.

நான்காவதாக, மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, மின்னேற்றும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்ட வேண்டும். வேகமாகக் குலுக்கினாலும், வாயால் ஊதினாலும் நீர் மேலும் உள்ளே செல்லும்.

ஐந்தாவதாக, மின்விசிறிக் காற்றில் ஒருநாள் அல்லது இரண்டு நாள் உலர விட வேண்டும். வெயில், அடுப்பு, முடி உலர்த்தும் கருவி ஆகியவற்றின் வெப்பம் மின்கலத்திற்குக் கேடு விளைவிக்கும்.

அரிசியில் புதைத்தால் நலமாகும் என்று பலர் நம்புகின்றனர். அரிசி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி எடுப்பதில்லை. அதன் மாவும் நொய்யும் துளைகளை அடைத்துக்கொள்ளும். 2024ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனமும் தன் கைப்பேசிகளை அரிசியில் இடவேண்டா என்று அறிவுறுத்தியது. பானைக்குரிய அரிசி பானைக்கே போகட்டும்!

நீர் உலர்ந்தாலும் அதிலிருந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும். எனவே, கடல்நீர், தேநீர், சேற்றுநீர் ஆகியவற்றில் விழுந்ததாயின், காலம் தாழ்த்தாது பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்வதே நன்று. அவர் கருவியைத் திறந்து, அதற்குரிய ஆல்கஹாலைக் கொண்டு உள்ளே துலக்குவார். மின்கலம் உப்பியிருந்தாலோ, சுட்டாலோ, அது தீப்பற்றக்கூடும். அதனை அழுத்தவோ துளைக்கவோ மின்னேற்றவோ கூடாது. பிள்ளைகள் அதனை அணுகலாகாது.

"என் கைப்பேசி நீர் புகாதது" என்று சிலர் இறுமாந்திருப்பர். ஐபி67 என்னும் தரக்குறியீடு, 1 மீட்டர் ஆழமுள்ள நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையே குறிக்கும். நாட்பட நாட்பட அத்தாங்கும் ஆற்றல் குறைந்துவிடும்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரிலும் பகாங்கிலும் ஏற்பட்ட பெருவெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய வேளையில் உதவிக்கு அழைக்கவேண்டிய கருவியே நனைந்து போகலாம். ஆதலால், மழைக்காலத்தில் கைப்பேசியை நெகிழிப்பையில் இட்டு வையுங்கள். பாட்டியின் புகைப்படங்களுக்குப் படி எடுத்து வையுங்கள். முக்கியமான தொலைபேசி எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மாணவர்களே, இந்த இறுதிப் பணியை நீங்களே இன்று செய்து முடிக்கலாம் அன்றோ?

பதறிய காரியம் சிதறும் என்பர் பெரியோர். நனைந்த கைப்பேசியை இயக்கிப் பார்க்கத் துடிக்கும் விரலை அடக்குவோம்; பொறுமையால் பொருளைக் காப்போம்!