சிலையாக நின்றால் போதுமா?

சென்னைக் கடற்கரையிலே உழைப்பாளர் சிலை இருக்கிறது. நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். நரம்பு புடைக்கிறது, தோள் திரள்கிறது. 1959 முதல் அங்கே நிற்கிறார்கள். வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்தவர். 1850இல் தோன்றிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. ராயபுரத்திலிருந்து சில மைல்தான்.

சில மைல்தான்! ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனின் மகனும், எண்ணூரில் வலை இழுப்பவனின் மகளும் அந்தச் சில மைலைக் கடக்க எத்தனை தலைமுறை ஆகிறது? உழைப்பாளி சிலையாக நின்றால் போதுமா? உழைப்பாளியின் பிள்ளை சிலை வடிக்க வேண்டாமா?

"திறமை இருந்தால் தானே வரும்" என்பார்கள். தானே வர அது என்ன, மழைக்காலத்துக் காளானா? வசதியுள்ள வீட்டிலே குழந்தை கிறுக்கினால், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ஒற்றை அறை வீட்டிலே குழந்தை சுவரில் கிறுக்கினால், "அட்வான்சில் கழித்துக்கொள்வேன்" என்கிறார் வீட்டுக்காரர். திறமையிலே பேதமில்லை, தோழர்களே, தாளிலேதான் பேதம்!

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரையானும் வண்ணப் பென்சிலும் விலையின்றி வழங்கும் திட்டம் வந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஆடலும் பாடலும் கதையும் வகுப்பறைக்குள் நுழைந்தன. வரவேற்போம்.

ஆனால் பெட்டி வந்தால் போதுமா? அதைத் திறக்க நேரம் வேண்டாமா? திறந்த பின் அருகே உட்கார ஓர் ஆள் வேண்டாமா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று எழுதியிருக்கிறது. யாருக்கு? ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்! ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு? அந்தப் பேச்சே இல்லை. கை தானாகவே கோட்டைத் தேடும் வயதில் துணைக்கு ஆளில்லை. அந்த மேல் வகுப்புகளுக்குக்கூட, தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாவற்றுக்குமாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியபோது, கொடுத்த சம்பளம் மாதம் 5,000 ரூபாய். கலைக்கு நாடு போட்ட விலை அது!

"படிக்கிற நேரத்தில் படமா?" என்று கேட்பவர் உண்டு. இந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. 1920இல் மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க வழி செய்தார். தொடக்கக் கல்விக்கான பணத்தில் சோறா என்று 1925இல் வெள்ளையர் ஆட்சி தடுத்தது. இன்று? சோறும் கல்வியின் பங்கு என்பதை நாடே ஒப்புக்கொண்டுவிட்டது. 2022 முதல் காலையிலும் உணவு! அன்று சோற்றுக்குச் சொன்ன தடையை இன்று வண்ணத்துக்குச் சொல்கிறார்கள்.

படம் வீண் விளையாட்டல்ல. கிரையானைப் பிடித்த விரல் பென்சிலைப் பிடிக்கத் திடம் பெறுகிறது. எழுத்து வராத பிள்ளை, கோட்டிலே பேசுகிறது. எதைப் பேசவேண்டும்? கரும்பலகையிலே இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்திலே தென்னை. பார்த்து வரை என்றால் அது ஓவியமா? மலையே காணாத திருவொற்றியூர்ப் பிள்ளைக்கு எதற்கு இரண்டு மலை? அது கண்டது படகு, பளுதூக்கி, வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி, புகைபோக்கி. அதை வரையட்டும்!

2023 டிசம்பரை மறக்க முடியுமா? புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மக்கள் ஓடினார்கள். பெரியவர்கள் மனு எழுதினார்கள், மறியல் செய்தார்கள். தாயின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு மனு எழுதத் தெரியுமா? அதன் கையில் கிரையானைக் கொடுங்கள். கடலை எந்த வண்ணத்தில் தீட்டுகிறது என்று பாருங்கள். கறுப்பிலே தீட்டினால், "கடல் நீலம், மாற்று" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பிழையல்ல, சாட்சியம்!

கொடுத்தால் வரும் என்பதற்குச் சான்றும் உண்டு. புகைப்படக் கலைஞர் பழனிக்குமார் வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சியாயின.

நாம் என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். சட்டம் தந்த இடம் அது. அங்கே எழுந்து கேளுங்கள்: "கிரையான் பெட்டி எங்கே? வாரத்தில் எந்த மணி படத்துக்கு?" படிப்பகத்திலே ஞாயிறு காலை பாயை விரியுங்கள், ஒரு பக்கம் வெறுமையான பழைய தாள்களைச் சேர்த்துக் கொடுங்கள். பிளெக்ஸ் வந்து பிழைப்பைப் பறிகொடுத்த சுவரெழுத்துக் கலைஞர் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார். அவரை அழையுங்கள், சும்மா அல்ல, கூலி கொடுத்து! நமக்காகச் சுவரில் எழுதிய கை, நம் பிள்ளையின் கையைப் பிடிக்கட்டும்.

பாறையைப் பெயர்த்தவன் பிள்ளை, இனிப் படம் தீட்டட்டும்!